சிர்-டியூபுலின்: முட்டைச்செல் ஆய்வகத்துக்கு ஏற்ற சாயமா?

சுண்டெலியின் முட்டைச்செல் முதிரும்போது, குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் கதிர்கோல் உருவாவதை உயிரோடு படம்பிடிக்க, வழக்கமாக ஒளிரும் புரதத்துக்கான எம்ஆர்என்ஏவை ஊசியால் செலுத்த வேண்டும். அதற்குக் கருவியும் வேண்டும், கைப்பழக்கமும் வேண்டும். ஸ்பைரோகுரோம் நிறுவனத்தின் சிர்-டியூபுலினை ஊடகத்தில் கலந்தாலே போதும்; செல்லுக்குள் தானே நுழைந்து, கதிர்கோலை ஆக்கும் மெல்லிய புரதக் குழல்களான நுண்குழல்களில் ஒட்டி ஒளிரும். தூரச் சிவப்பு ஒளியில் வேலை செய்வதால் (தூண்டல் சுமார் 650, உமிழ்வு சுமார் 674 நானோமீட்டர்) பல மணி நேரப் பதிவிலும் செல்லுக்குச் சேதம் குறைவு. இந்த வசதி உண்மையானது.

ஆனால் இதன் ஒட்டும் பகுதி டோசிடாக்சல். நுண்குழலைக் கலையவிடாமல் பிடித்துவைக்கும் அதே புற்றுநோய் மருந்துதான். பல செல்களில் கதிர்கோலின் துருவங்களை அமைக்க உதவும் சென்ட்ரியோல் சுண்டெலி முட்டைச்செல்லில் கிடையாது. சைட்டோபிளாசத்தில் சிதறிக் கிடக்கும் பல நுண்குழல் மையங்கள் ஒன்றுகூடித்தான் இரு துருவக் கதிர்கோலாகின்றன. சாயம் அளவு மீறினால் கதிர்கோலுக்கு வெளியே நட்சத்திர வடிவ நுண்குழல் கொத்துகள் தோன்றும். அதைப் பார்த்து, தாம் சோதிக்கும் மரபணுவின் விளைவு என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது.

100 நானோமோலாரைத் தாண்ட வேண்டாம். 50 நானோமோல் குப்பியில் 50 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானை ஊற்றினால் 1 மில்லிமோலார் கரைசல். அதில் 1 மைக்ரோலிட்டரை 99 மைக்ரோலிட்டர் ஊடகத்தில் கலந்து, அந்தக் கலவையை மீண்டும் நூறு மடங்கு நீர்க்க வேண்டும். டிஎம்எஸ்ஓ அப்போது 0.01 சதவீதம்தான். ஒரே தடவையில் பத்தாயிரம் மடங்கு நீர்க்கப் பார்த்தால் அளவு நிச்சயம் பிசகும். முதிர்ச்சியைத் தடுக்கும் மருந்தான மில்ரினோனில் நிறுத்திவைத்த செல்களை, அது இல்லாத மூன்று நான்கு துளிகளில் கழுவிய பிறகு சாயத் துளிக்கு மாற்றுங்கள். சாயம் எண்ணெயில் கரையக்கூடியது. கனிம எண்ணெய்க்கு அடியில் துளி மிகச் சிறிதாக இருந்தால் ஒளி மங்கலாம்.

சாயத்தைச் செல் வெளியே தள்ளிவிடாமல் தடுக்கப் பெட்டியோடு வரும் வெராபமில் இங்கே வேண்டாம். அது கால்சியம் வாயில்களை அடைக்கும் மருந்து. முட்டைச்செல்லின் வேலையில் பாதி கால்சியத்தை நம்பி நடக்கிறது.

ஒவ்வொரு முறையும் மூன்று தட்டுகள் வையுங்கள்: சாயமும் லேசரும் இல்லாதது, சாயம் மட்டும், இரண்டும் உள்ளது. முதல் துருவச் செல் (முட்டைச்செல் பிரியும்போது வெளித்தள்ளும் சிறிய செல்) வெளியேறும் விகிதமும் நேரமும் மூன்றிலும் ஒத்துப்போகாவிட்டால் அன்றைய படங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கதிர்கோல் செல்லின் விளிம்புக்கு நகர்வதை இது அழகாகக் காட்டும். நகர்த்துவது ஆக்டின் என்ற புரத இழைகளின் வலை; ஃபார்மின்-2, ஸ்பைர் ஆகிய புரதங்கள் அந்த வலையைப் பின்னுகின்றன. அதையும் கூடவே பார்க்க, ஆக்டினில் ஒட்டும் சாயமான சிர்-ஆக்டினை வாங்கிவிடாதீர்கள். இரண்டும் ஒரே நிறம், பிரித்தறிய முடியாது.

குளிரில் எந்த நுண்குழல் தாங்குகிறது என்று பார்க்கும் சோதனைக்கு இந்தச் சாயம் கூடவே கூடாது. டோசிடாக்சல் பிடித்த நுண்குழல் குளிரிலும் கலையாது. கினிட்டோகோரில் (குரோமோசோமில் நுண்குழல் பிணையும் இடம்) உறுதியாகப் பிணைந்தவை எவை என்பது தெரியாமலே போய்விடும்.

சுண்டெலியில் நகர்வையும் நேரத்தையும் அளக்க வாங்கலாம். மனித முட்டைச்செல்லுக்கு எங்கள் பரிந்துரை இல்லை. அங்கே கதிர்கோல் அமைய ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகிறது; துருவங்கள் அடிக்கடி நிலைகுலைகின்றன, குரோமோசோம் பிழைக்கு அது முக்கியக் காரணம். பார்க்க வேண்டியதே அந்தத் தள்ளாட்டம்தான். நுண்குழலை இறுக்கும் சாயம் அதை மறைத்துவிடக்கூடும்.