சில்வராடோவுக்கு வீட்டிலேயே ஏர் இன்டேக்: பிவிசியா, அலுமினியமா, பழைய பெட்டியே போதுமா?

1999 முதல் 2006 மாடல் வரை வந்த செவர்லே சில்வராடோ 1500, 5.3 லிட்டர் வி8. அமெரிக்காவில் வீட்டு கராஜில் ஏர் இன்டேக், அதாவது எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் ஃபில்டரும் குழாயும், செய்ய நினைப்பவர்களுக்கு வசதியான பிக்கப் இது. பானெட்டுக்குள் இடம் தாராளம். எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப் சென்சார் தனி உறையோடு வருவதால், அதன் முன்னும் பின்னும் குழாயை மாற்றினாலும் காற்றை அளக்கும் கணக்கு பெரிதாகக் கெடாது. பெயர் பெற்ற கடை கிட் பெரும்பாலும் 300 டாலரைத் தாண்டும். ஹார்டுவேர் கடை பைப்பும் கூம்பு ஃபில்டரும் பெரும்பாலும் 100 டாலருக்குள் முடிந்துவிடும்.

சண்டையெல்லாம் எந்தப் பைப் என்பதில்தான். ஆனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஃபில்டர் எந்தக் காற்றை இழுக்கப் போகிறது என்பதை: வெளிக் காற்றையா, பானெட்டுக்குள் சூடான காற்றையா? அதற்கு முன் பைப்பின் அளவை முடித்துவிடலாம்.

கொள்ளளவுத் திறனை (சிலிண்டர் கொள்ளளவில் உண்மையில் நிரம்பும் காற்றின் பங்கு) 85 சதவீதம் என்று வைத்தால், இந்த எஞ்சின் 5,600 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்குச் சுமார் 12.6 கன மீட்டர் காற்றை இழுக்கும். 4 அங்குலப் பைப்பில் அது நொடிக்கு 26 மீட்டர் வேகம். 3 அங்குலத்தில் 46 மீட்டர். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இழப்பு ஏறுவதால், அதே வளைவில் 3 அங்குலப் பைப் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தடை கொடுக்கும். ஆகவே 4 அங்குலம். அதற்கு மேல் போய்ப் பயனில்லை, எப்படியும் காற்று 85 மி.மீ. சென்சார் உறைக்குள் நுழைந்துதான் போக வேண்டும்.

கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை

6 மி.மீ. தெளிவான பிளாஸ்டிக் டியூப் 4 மீட்டர் வாங்கி, ஒரு பலகையில் 60 செ.மீ. உயரத்துக்கு ‘ப’வைப் போல் வளைத்துக் கட்டுங்கள். பாதி உயரம்வரை சாயம் கலந்த தண்ணீர். ஒரு முனை ஃபில்டருக்குப் பிறகு வரும் குழாயில், மறுமுனை கேபினுக்குள் திறந்தபடி. ஆளில்லாத சாலையில் முழு த்ராட்டிலில் ஏற்றும்போது இரு பக்க நீர்மட்ட வித்தியாசத்தைப் பக்கத்தில் இருப்பவர் படிக்கட்டும். ஓட்டுபவர் அதைப் பார்க்கவே கூடாது.

10 செ.மீ. வித்தியாசம் என்றால் வளிமண்டல அழுத்தத்தில் 1 சதவீதம். அதாவது மொத்தத் தடையையும் எடுத்துவிட்டாலும் அதிகபட்சம் 1 சதவீதம் காற்றுதான் கூடும். 285 குதிரைத்திறனில் அது மூன்றுக்குள். இப்போது மறுபக்கம்: வெளியே 30 டிகிரி, பானெட்டுக்குள் 60 டிகிரி. சூடான காற்றை இழுத்தால் அடர்த்தி 9 சதவீதம் குறைகிறது. தடையில் மிச்சம் பிடித்ததைப் போல ஒன்பது மடங்கைச் சூட்டில் தொலைப்பதுதான் திறந்த கூம்பு ஃபில்டர் செய்யும் வேலை. சத்தம் கூடுவதால் வண்டி பாய்கிற மாதிரி தோன்றும், அவ்வளவுதான்.

பழைய பெட்டி

கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டி மூடியது. எஞ்சின் சூட்டிலிருந்து ஒதுங்கி முன் ஓரத்தில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே புதிய பேப்பர் ஃபில்டர் போட்டு, பெட்டிக்கும் த்ராட்டிலுக்கும் இடையிலுள்ள நெளிவுக் குழாயை மட்டும் வழவழப்பான 4 அங்குலக் குழாயாக மாற்றுவது செலவு குறைந்த வழி, பெரும்பாலோருக்குச் சரியான வழியும் அதுதான். பெட்டியின் அடியில் ஓட்டை போடுவோர் உண்டு. எஞ்சின் பக்கம் திறந்த ஒவ்வொரு ஓட்டையும் சூட்டுக்கு வாசல். போட்டே ஆக வேண்டுமானால் ஃபெண்டர் பக்கச் சுவரில் போடுங்கள். மண் சாலை, வயல் வேலை என்று ஓடும் வண்டிக்கு இந்த வழியை விட்டு நகரவே வேண்டாம்.

பிவிசி

விலை குறைவு, முழங்கைத் துண்டுகள் எங்கும் கிடைக்கும். குறை இரண்டு. ஒன்று, ஷெட்யூல் 40 பைப்பின் வெளிவிட்டம் 4 அங்குலமல்ல, 4.5 அங்குலம், ஃபில்டரின் 4 அங்குலக் கழுத்து ஏறாது. கடைக்குப் போகும் முன் சென்சார் வாயையும் த்ராட்டில் வாயையும் வெர்னியரால் அளந்து, குறைப்பு ரப்பர் கப்ளராக வாங்குங்கள். இரண்டு, எடை: மீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ. தாங்கி இல்லாமல் விட்டால் அந்த எடை முழுவதும் சென்சார் உறையில் தொங்கி, குலுக்கலில் பிளாஸ்டிக் விரியும். ரப்பர் வாஷர் வைத்த ஒரு தாங்கியை பாடியில் முடுக்கிவிடுங்கள்.

சூட்டுக்கு பிவிசியின் வரம்பு 60 டிகிரி. ரேடியேட்டருக்குப் பின்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகில் போனால் கிளாம்ப் இறுக்கிய இடம் மெல்லச் சப்பிப்போய்க் கசியும். ஏபிஎஸ் என்ற வேறு வகை பிளாஸ்டிக் பைப் 80 டிகிரி அளவுக்குத் தாங்கும். கிடைத்தால் அதையே எடுக்கலாம். துணி உலர்த்தியின் ஃபாயில் குழாய் வேண்டவே வேண்டாம். கிழிந்த ஃபாயில் நேராக சென்சார் கம்பியில்தான் போய் விழும்.

அலுமினியம்

16 கேஜ் தடிமனுள்ள குழாய் மீட்டருக்கு 1.4 கிலோதான். சூட்டில் உருகாது, வெளிவிட்டமும் சரியாக 4 அங்குலம், சிலிகான் கப்ளர் சுலபமாக ஏறும். “அலுமினியம் சூட்டை உள்ளே கடத்துமே” என்பார்கள். கடத்தும், நின்றுகொண்டிருக்கும்போது. ஓடும்போது காற்று அந்த 70 செ.மீ. குழாயைக் கடக்க நொடியில் நூறில் சில பங்கே ஆகிறது. அதற்குள் சூடேற நேரமில்லை. ஆக பிவிசிக்கும் அலுமினியத்துக்கும் வித்தியாசம் விலையிலும் ஆயுளிலும்தான், சக்தியில் இல்லை. எந்தக் குழாயானாலும் கூம்பு ஃபில்டரைச் சுற்றி அலுமினியத் தகட்டில் மறைப்பு கட்டி, அதன் மேல் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டி பானெட்டோடு மூடினால்தான் அது குளிர்காற்று இன்டேக்.

ஃபில்டரை பம்பருக்குக் கீழே இறக்கினால் காற்று இன்னும் குளிர்ச்சி. ஆனால் தேங்கிய தண்ணீரில் ஒருமுறை இறங்கினால் சிலிண்டருக்குள் தண்ணீர் போய், அழுத்த முடியாமல் கனெக்டிங் ராட் வளையும். அந்த வழியை எடுக்காதீர்கள்.

மாட்டும்போது

வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவிடுங்கள். பிவிசித் துகள் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. குழாய்க்குள் முனை நீட்டும் திருகு போடவே கூடாது, கழன்றால் த்ராட்டில்தான் அதன் முகவரி. பசை போட்ட இணைப்பை ஒரு நாள் காயவிட்டே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். சென்சாரின் அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்கட்டும், அதற்கு முன் வளைவில்லாத நேர் துண்டு 10 செ.மீ.யாவது வேண்டும். உறையிலுள்ள வலையைப் பிடுங்காதீர்கள். எஞ்சின் தன் மவுண்டில் ஆடும் என்பதால் ஒரு மூட்டாவது வளையும் ரப்பராக இருக்கட்டும்.

எண்ணெய் தடவும் காட்டன் ஃபில்டர் போட்டால், மிகுதி எண்ணெய் சென்சாரில் படிந்து அளவு பிசகும். அதைத் துடைக்க எம்.ஏ.எஃப் கிளீனர் மட்டும். பிரேக் கிளீனர் வேண்டாம்.

செக் எஞ்சின் விளக்கு எரிந்து, கலவையில் எரிபொருள் குறைவு என்று சொல்லும் பி0171, பி0174 பிழைக் குறியீடுகள் இரண்டும் வந்தால், சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவிலுள்ள மூட்டுகளை முதலில் பாருங்கள். அங்கே நுழையும் காற்று கணக்கில் வராது, கலவை மெலியும். சென்சாருக்கு முன்னால் கசிந்தால் பிழைக் குறியீடு வராது, வடிகட்டாத தூசிதான் உள்ளே போகும். அது சத்தமில்லாமல் பிஸ்டன் ரிங்கைத் தின்னும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ரீடரில் இன்டேக் காற்றின் வெப்பநிலையைப் பாருங்கள். ஓடும்போது வெளி வெப்பத்தைவிட 10 டிகிரிக்குள் நின்றால் மறைப்பு வேலை செய்கிறது. ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு) 10 சதவீதத்தைத் தாண்டினால் கசிவு தேடுங்கள்.

டொயோட்டா டகோமா போன்ற வண்டிகளுக்கு இதை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். 2005க்குப் பிந்தைய டகோமாவில் சென்சார் வெறும் செருகு துண்டு. அது உட்காரும் குழாயின் விட்டமே அளவுகோல். 3 அங்குலத்துக்குப் பதில் 4 அங்குலத்தில் செருகினால் உண்மைக் காற்றில் 56 சதவீதம்தான் படிக்கும்.

கலிஃபோர்னியாவில் பதிவான வண்டியானால் இன்னொன்று. அங்கே இன்டேக்குக்கு, காற்று மாசைக் கட்டுப்படுத்தும் மாநில அமைப்பான கார்பின் அனுமதி எண் வேண்டும், வீட்டில் செய்ததற்கு அது கிடையாது, ஸ்மாக் எனப்படும் புகைச் சோதனையில் பார்த்த மாத்திரத்திலேயே ஃபெயில். கழற்றிய பெட்டியையும் நெளிவுக் குழாயையும் கிளாம்ப்களோடு எடுத்து வையுங்கள். சோதனைக்கு முன் அரை மணி நேரத்தில் திருப்பி மாட்டிவிடலாம்.