ரோட்டரை எங்கே ஒளிப்பது? மூன்று ஸ்கெலிட்டன் வாட்ச்சுகள்

ஸ்கெலிட்டன் வாட்ச் என்றால் உலோகத்தைக் குடைந்து குடைந்து எலும்பு மட்டும் மிஞ்சும்படி செய்வது. ஆட்டோமேட்டிக் என்றால், கை அசையும்போதெல்லாம் சுழன்று ஸ்பிரிங்குக்குச் சாவி கொடுக்கும் கனமான ரோட்டர் உள்ளே இருந்தாக வேண்டும். ஒன்றுக்கு எடை பகை. மற்றதற்கு எடைதான் பிழைப்பு. அப்பா கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதாவைப் போல தினமும் கையால் சாவி கொடுக்கும் வாட்ச்சில் இந்தத் தகராறே கிடையாது. அதனால் ஆட்டோமேட்டிக் ஸ்கெலிட்டன் எது கைக்கு வந்தாலும், ரோட்டரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். (டயலில் காசளவு ஓட்டை போட்டுவிட்டு ஸ்கெலிட்டன் என்று விற்பவை இந்தக் கணக்கில் சேராது.)

சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையில் ஒரு சனிக்கிழமை இரண்டைக் கட்டிப் பார்த்தேன். 2023இல் வந்த ஜெனித் டிஃபை ஸ்கைலைன் ஸ்கெலிட்டன் ஒன்று. அதே ஆண்டு வந்த கார்த்தியே சாந்தோஸ்-துமோன் ஸ்கெலிட்டன் இன்னொன்று. மூன்றாவதான ஓடெமார் பிகே ராயல் ஓக், 2016இல் வந்த 15407 என்ற மாடல், நண்பர் ஒருவருடையது. அரைமணி நேரம் கழற்றிக் கொடுத்தார்.

ஜெனித்தில் ரோட்டர் பின்பக்கம். அதையும் நட்சத்திர வடிவில் குடைந்து எடையை ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். முன்பக்கம் நான்கு முனை நட்சத்திரம். அதன் இடுக்குகளில் சக்கரங்கள். கண்ணை இழுப்பது ஆறு மணிக்கு மேலே உள்ள சின்ன முள். மணிக்கு 36,000 துடிப்பு, அதாவது வினாடிக்குப் பத்து. அந்த முள் பத்து வினாடிக்கு ஒருமுறை முழுச் சுற்று சுற்றிவிடுகிறது. கடைக்காரர் பேசியதில் பாதி என் காதில் விழவில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் இந்த வாட்ச்சில் வழக்கமான வினாடி முள் இல்லை. ஒரு நிமிடம் எண்ண வேண்டுமென்றால் ஆறு சுற்றை விரல்விட்டு எண்ண வேண்டும். வேடிக்கைக்கு வைத்த முள்தான். அதை ஒப்புக்கொண்டால் வாட்ச் பிடித்துப்போகும். 41 மி.மீ. எஃகு, 100 மீட்டர் வரை நீர் தாங்கும், முள்களில் இருட்டில் ஒளிரும் பூச்சு. அன்றாடம் கட்ட இந்த மூன்றில் நான் எடுப்பது இதைத்தான்.

கார்த்தியே வேறு வழியில் போயிருக்கிறது. ரோட்டரை ஒளிக்கவே இல்லை. சின்னதாக்கி முகத்திலேயே உட்கார வைத்துவிட்டது. இடது கீழ்மூலையில் ஒரு குட்டி உலக உருண்டை, அதற்கு மேல் ஒரு குட்டி விமானம். கையை அசைத்தால் விமானம் உருண்டையைச் சுற்றுகிறது. சாவி ஏறுவது அந்தச் சுற்றலில்தான். 1904இல் விமானத்தில் மணி பார்க்க வசதியாக லூயி கார்த்தியே ஒரு கைக்கடிகாரம் செய்து கொடுத்தது பிரேசிலைச் சேர்ந்த விமானி ஆல்பெர்த்தோ சாந்தோஸ்-துமோனுக்கு. ரோட்டராகச் சுற்றுவது அவருடைய தெமுவாசெல் விமானம். வேறு எந்தக் கம்பெனி இப்படிச் செய்திருந்தாலும் பொம்மைக்கடை என்று சிரித்திருப்பேன். இங்கே அதற்கு நியாயம் இருக்கிறது. வெறும் 8 மி.மீ. தடிமன்தான், முழுக்கைச் சட்டைக்குள் சத்தமில்லாமல் நுழைந்துகொள்கிறது.

குறை, மணி பார்ப்பதில். மெல்லிய வாள் முள்கள், ஒளிப்பூச்சு கிடையாது, பின்னால் பாலங்களும் (சக்கரங்களைத் தாங்கும் உலோகச் சட்டங்கள்) சக்கரங்களும். கண்ணாடிப் பெட்டியின் வெள்ளை விளக்கில் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. வாசல் பக்கம் நகர்ந்து நின்றபோது மணி நான்கா ஐந்தா என்று இரண்டு முறை பார்க்க வேண்டியிருந்தது. இடைவெளி வழியே மணிக்கட்டு முடி வேறு தெரிந்தது. எஃகு மாடலே ஜெனித்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் விலை. அந்த விலையில் என் கைமுடியைப் பார்க்க எனக்கு மனமில்லை.

ராயல் ஓக்கில் ரோட்டர் பின்னால், குடைந்த தங்கத்தில். ஆனால் இங்கே ரோட்டரை மறந்துவிடுவோம். ஒரே அச்சில் இரண்டு பேலன்ஸ் சக்கரங்கள் (இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளப்பவை), முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஒரே மூச்சில் ஆடுகின்றன. துடிப்பு மணிக்கு 21,600. ஜெனித்தில் மங்கலாய்ப் பறப்பது இங்கே கண்ணுக்குச் சிக்குகிறது. லென்ஸ் வைத்துப் பாலங்களின் உள்மூலைகளைப் பார்த்தேன். இரண்டு சாய்வான ஓரங்கள் சேரும் இடம் ஊசிமுனையாக முடிகிறது. சுழலும் வெட்டுக்கருவி அந்த மூலையில் வட்டமாகத்தான் நிற்கும். கூராக்க ஒருவர் அரத்தோடு உட்கார வேண்டும். ஜெனித்தில் அந்த வேலை இல்லை. ஓரங்கள் எந்திரம் விட்ட இடத்தில் விட்டபடி. வேலைப்பாடு என்று பார்த்தால் மூன்றில் ராயல் ஓக்குக்குப் போட்டியே இல்லை. கையில் கட்டிப் பஸ்ஸில் போகும் துணிச்சல் எனக்கு வராது, அவ்வளவுதான். நண்பரும் அதைக் கட்டிக்கொண்டு டாக்சியில்தான் வருகிறார்.

கடைசியாக ஒரு சில்லறைக் கணக்கு. வெள்ளி மாலை ஆறு மணிக்குக் கழற்றி வைத்துத் திங்கள் காலை எட்டு மணிக்கு எடுத்தால் 62 மணி நேரம். முழுச் சாவி ஏறிய ராயல் ஓக் கழற்றி வைத்தபின் ஓடுவது 45 மணி நேரம். மற்ற இரண்டுக்கும் 62 எட்டாது. மூன்றும் நின்றுபோயிருக்கும், சாவி கொடுத்து நேரம் திருத்திக் கட்ட வேண்டும். திங்களன்றும் ஓடிக்கொண்டிருப்பது, இவற்றின் விலையில் சிறு பகுதிக்குக் கிடைக்கும் ஹாமில்டன் ஜாஸ்மாஸ்டர் ஸ்கெலிட்டன்: 80 மணி நேரம்.