திருத்துவதா, திட்டத்துக்குப் போவதா, சும்மா இருப்பதா?

போன நவம்பர் கடைசியில் வருமான வரித்துறையிலிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்களுக்கு வெளிநாட்டில் சொத்து இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது, ரிட்டர்னில் அதைக் காணோம், சரிபார்க்கவும் என்ற அர்த்தத்தில். முதலில் மோசடி மெசேஜ் என்று நினைத்து அழிக்கப் போனேன். பிறகுதான் அலுவலகத்தில் கொடுத்த அமெரிக்கப் பங்குகள் ஞாபகம் வந்தன. நான்கு வருஷமாக ஒரு வெளிநாட்டு புரோக்கர் கணக்கில் கிடக்கின்றன. சம்பளத்தோடு சேர்த்து டி.டி.எஸ். பிடித்துவிட்டார்கள், அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

டிசம்பருக்குள் ரிட்டர்னைத் திருத்திப் போட்டேன். அந்தக் கதையை வீட்டில் சொன்னது தப்பாகப் போயிற்று. ஏப்ரலில் திருச்சியிலிருந்து அத்தான் வந்து உட்கார்ந்தார். 14 வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு 2021 ஜூனில் ஊரோடு வந்தவர். அங்கே ஒரு வங்கி டெபாசிட் இன்னும் இருக்கிறது, நம் பணத்துக்குச் சுமார் 24 லட்சம். ஒரு வருஷம்கூட எந்தப் படிவத்திலும் காட்டவில்லை. "அங்க வட்டிக்கு வரியே கிடையாது மாப்ள, இங்க எதுக்குக் காட்டணும்?" என்பது அவர் வாதம். முதல் பாதி உண்மை. சிங்கப்பூரில் தனிநபரின் வங்கி வட்டிக்கு வரி இல்லை. ஆனால் இந்தியாவில் குடியிருப்பவருக்கு உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் இங்கே வரி உண்டு.

அவர் முன்னால் இருந்த வழிகள் ஐந்து. ரிட்டர்னைத் திருத்துவது, திருத்தும் கெடு முடிந்தபிறகு கூடுதல் பணம் கட்டிப் போடும் அப்டேட்டட் ரிட்டர்ன், 2026 பட்ஜெட்டில் அறிவித்த ஒருமுறைத் திட்டத்துக்குள் போவது, வாயை மூடிக்கொண்டு இருப்பது, அப்புறம் எங்கள் அக்கா சொன்ன தங்கம் வாங்கும் யோசனை.

வழிகளை எடை போடுவதற்கு முன்னால் எத்தனை வருஷத்துக்குத் தப்பு என்று எண்ண வேண்டும். இதைச் செய்யாமலே பலர் பயந்து சாகிறார்கள். வெளிநாட்டுச் சொத்தைக் காட்டும் ஷெட்யூல் எஃப்.ஏ., இந்தியாவில் ‘சாதாரணக் குடியிருப்பாளர்’ ஆனவர்களுக்கு மட்டும்தான். நீண்ட காலம் வெளியே இருந்து திரும்புபவர் உடனே அந்த நிலைக்கு வருவதில்லை. முந்தைய 10 ஆண்டுகளில் 9-ல் அவர் வெளிநாட்டுவாசியாக இருந்திருந்தாலோ, முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் இருந்தது மொத்தம் 729 நாளைத் தாண்டாவிட்டாலோ, அந்த ஆண்டு அவர் ஆர்.என்.ஓ.ஆர்., அதாவது இடைநிலை. அத்தானின் பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்து எண்ணினோம். 2021-22, 2022-23 இரண்டும் இடைநிலையில் போய்விட்டன. அந்த ஆண்டுகளில் அவர் எதையும் காட்ட வேண்டியதே இல்லை. தப்பு 2023-24-லும் 2024-25-லும்தான். நான்கு வருஷம் என்று நினைத்து வந்தவருக்கு இரண்டு வருஷம் கழிந்தது. ஒரு காபி குடித்தார்.

திருத்திய ரிட்டர்னைவிட மலிவான வழி கிடையாது. வரி பாக்கி இருந்தால் அதுவும் வட்டியும் மட்டும்தான். கறுப்புப் பணச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, சொத்தைக் காட்டாவிட்டால் ஒரு வருஷத்துக்கு ₹10 லட்சம் அபராதம் விதிக்கலாம் என்கிறது. குறித்த காலத்துக்குள் திருத்திய ரிட்டர்னில் காட்டிவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. டிசம்பர் 31 என்றிருந்த கெடுவை 2026 பட்ஜெட் மார்ச் 31 வரை நீட்டியது. டிசம்பரைத் தாண்டினால் ஒரு சின்னக் கட்டணம் உண்டு.

வேலை என்னவோ சள்ளை பிடித்த வேலைதான். நம் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஷெட்யூல் எஃப்.ஏ. மட்டும் ஜனவரி முதல் டிசம்பர் வரை கேட்கும். 2024-25 ரிட்டர்னில் நான் காட்ட வேண்டியது 2024 காலண்டர் ஆண்டுக் கணக்கு. ஒவ்வொரு முறை பங்கு கைக்கு வந்த தேதி, அன்றைய மதிப்பு, வருஷத்தில் தொட்ட உச்ச மதிப்பு, டிசம்பர் 31 மதிப்பு, இடையில் வந்த டிவிடெண்ட் எல்லாம் வேண்டும். ஒவ்வொன்றையும் ஸ்டேட் பேங்கின் ‘டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்’ வாங்கும் விலையில் ரூபாயாக்க வேண்டும். எனக்கு வருஷத்துக்கு நான்கு முறை பங்கு வந்திருந்தது, அதனால் ஒவ்வொரு வருஷத்துப் பங்குக்கும் நான்கு வரிசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. அதுவரை நான் போட்டுவந்தது ஐ.டி.ஆர்.-1. வெளிநாட்டுச் சொத்து உள்ளவர் அந்தப் படிவத்தைத் தொடவே கூடாது என்பது அப்போதுதான் உறைத்தது.

அத்தானுக்கு இந்தக் கதவு மூடிவிட்டது. அவருடைய இரண்டு வருஷத்துக்கும் கெடு முடிந்துபோனது. பட்ஜெட் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்ததன் பலன்.

சரி, அப்டேட்டட் ரிட்டர்ன்? அந்தப் படிவத்தின் பெயர் ஐ.டி.ஆர்.-யு. 2025 பட்ஜெட்டில் அதன் காலத்தை இரண்டு ஆண்டிலிருந்து நான்காக்கினார்கள். விடுபட்ட வரியும் தாமத வட்டியும் கட்டி, அதன்மேல் கூடுதலாக 25, 50, 60, 70 சதவீதம், தாமதத்தைப் பொறுத்து. அத்தானுக்கு வருஷத்துக்குச் சுமார் ₹60,000 வட்டி, 20% அடுக்கு. வரியும் செஸ்ஸும் ₹12,480. 2023-24-க்கு இப்போது 50% படி, அது ஒரு ₹6,240. ஏறக்குறைய ₹19,000-மும் தாமத வட்டியும். 2024-25-க்கு இன்னும் குறைவு, 25%தான். "அட, இவ்ளோதானா! இதையே போட்டுடுவோம்" என்றார்.

நிறைய பேர் வழுக்கி விழும் இடம் இது. கறுப்புப் பணச் சட்டம் ஏற்றுக்கொள்ளும் ரிட்டர்ன்களைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. வருமான வரிச் சட்டத்தில் 139-ஆம் பிரிவின் (1), (4), (5) உட்பிரிவுகள், அதாவது நேரத்துக்குப் போட்டது, தாமதமாகப் போட்டது, திருத்தியது. அப்டேட்டட் ரிட்டர்ன் வருவது (8ஏ)-வில். அந்தப் பட்டியலில் அது இல்லை. ஐ.டி.ஆர்.-யு போட்டு வட்டிக்கு வரி கட்டலாம். டெபாசிட்டைக் காட்டாத குற்றம் சட்டத்தின் எழுத்துப்படி அப்படியே நிற்கும். அதோடு நாமே கையெழுத்துப் போட்டு, இந்தச் சொத்து எனக்கு இருந்தது, காட்டவில்லை என்று எழுதிக் கொடுத்த மாதிரியும் ஆகும். இன்னொரு கொக்கி: கூடுதல் வரி எதுவும் வராவிட்டால் ஐ.டி.ஆர்.-யு போடவே முடியாது. டிவிடெண்டே தராத பங்கை வைத்துக்கொண்டு, காட்டினால் போதும் என்று வருபவருக்கு இது உதவாது. கறுப்புப் பணச் சட்டத்தின் கீழ் தகவல் இருப்பதாக அதிகாரி முன்பே தெரிவித்துவிட்டாலும் இந்த வழி அடைபடும். இந்தியாவுக்குள் விட்டுப்போன எஃப்.டி. வட்டி, வாடகைக்கு ஐ.டி.ஆர்.-யு நல்ல ஏற்பாடு. வெளிநாட்டுச் சொத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அடுத்து புதுத் திட்டம். சிறு வரி செலுத்துவோருக்கான வெளிநாட்டுச் சொத்து வெளிப்படுத்தல் திட்டம் 2026, சுருக்கமாக ஃபாஸ்ட்-டி.எஸ். ஒருமுறை மட்டும், ஆறு மாத ஜன்னல். மாணவர்கள், இளம் தொழில்வல்லுநர்கள், தொழில்நுட்ப ஊழியர்கள், ஊர் திரும்பியவர்கள் போன்ற சின்ன ஆட்களை மனதில் வைத்து என்று பிப்ரவரி 1 உரையில் நிர்மலா சீதாராமன் சொன்னார். இதில் இரண்டு கதவு. வரியே கட்டாத வருமானம் அல்லது சொத்து என்றால் முதல் கதவு. உச்சவரம்பு ₹1 கோடி, மதிப்பில் 30% வரி, அதற்குச் சமமாக இன்னொரு 30%. ஆக 60%, குற்ற வழக்கு கிடையாது. வருமானத்துக்கு ஏற்கெனவே வரி கட்டியாயிற்று, அல்லது வெளிநாட்டுவாசியாக இருந்தபோது சம்பாதித்தது, சொத்தைக் காட்டாததுதான் தப்பு என்றால் இரண்டாவது கதவு. உச்சவரம்பு ₹5 கோடி, கட்டணம் ஒரே ₹1 லட்சம். அபராதமும் இல்லை, வழக்கும் இல்லை.

₹30 லட்சத்தை முதல் கதவில் கொண்டுபோனால் ₹18 லட்சம் போய்விடும். அதே ₹30 லட்சத்துக்கு இரண்டாவது கதவில் ₹1 லட்சம். பணம் எவ்வளவு என்பதில் இங்கே ஒன்றும் இல்லை. அந்தப் பணம் எப்படி வந்தது, அதற்கான பேப்பர் கையில் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம். பழைய சிங்கப்பூர் சம்பளச் சீட்டுகளைத் தேடச் சொல்லி அத்தானை நான் விரட்டியது இதற்காகத்தான். (60% புதிதல்ல. 2015-ல் கறுப்புப் பணச் சட்டம் வந்தபோது திறந்த ஜன்னலிலும் இதே 30-ம் 30-ம்தான். அப்போது வெளியே வந்தவர்கள் 648 பேர். இரண்டாவது கதவு மாதிரி ஒன்று அப்போது இல்லை.)

அத்தானின் டெபாசிட் இரண்டாவது கதவுக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் 2023-க்குப் பிறகு வந்த வட்டி அப்படியல்ல. அது இங்கே காட்டாத வருமானம், முதல் கதவுச் சரக்கு. இரண்டு வருஷத்துக்கு ₹1,20,000, அதில் 60% என்றால் ₹72,000. மொத்தம் ₹1,72,000. கசக்கத்தான் செய்யும். எதிர்ப்பக்கத்தில் நிற்பது இரண்டு வருஷத்துக்கு ₹20 லட்சம் வரை போகக்கூடிய அபராதம். வட்டியின் மேல் 30% வரியும் அந்த வரியைப்போல் மூன்று மடங்கு தண்டமும் தனி. ஆடிட்டருக்கு ஃபீஸ் கொடுக்க ஒரு காரணம் வேண்டும் என்றால், வட்டியையும் அசலையும் பிரித்து எழுதும் இந்த இடம்தான் அது.

என்னைப்போல் அலுவலகப் பங்கு வைத்திருப்பவர்களுக்கும் இதே சிக்கல் சின்ன அளவில் உண்டு. அலுவலகம் தரும் ஃபார்ம் 16-ல் பங்கின் மதிப்பு சம்பளத்தோடு சேர்ந்திருக்கும், அது நல்லது. ஆனால் டிவிடெண்ட்? அமெரிக்காவில் 25% பிடித்துக்கொண்டு மீதியை அதே கணக்கில் போட்டிருப்பார்கள். யாரும் பார்ப்பதில்லை. எனக்கு வருஷத்துக்கு ஒன்பதாயிரம் ரூபாய் சொச்சம் வந்திருந்தது. அதையும் எழுதிவிட்டுத்தான் திருத்தினேன்.

சும்மா இருப்பது என்ற வழிக்கு ஆதரவாளர்கள் அதிகம். அவர்கள் பிடித்துக்கொள்ளும் எண் ₹20 லட்சம். வீடு, நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்தின் மொத்த மதிப்பு அதற்குள் இருந்தால் ₹10 லட்சம் அபராதம் இல்லை என்று 2024 அக்டோபர் 1 முதல் விதி. குற்ற வழக்கும் இல்லை என்று 2026 பட்ஜெட் அதே தேதியிலிருந்து சேர்த்துக்கொண்டது. என் பங்குகளின் மதிப்பு ₹13 லட்சம்தான். பழைய வருஷங்களுக்காக நான் ₹1 லட்சம் கட்டித் திட்டத்துக்குள் போகாததற்கு இந்த விதி ஒரு காரணம். ஆனால் இது அபராதத்துக்கு விலக்கே தவிர, காட்டுவதற்கு விலக்கு அல்ல. ஒரு டாலர் இருந்தாலும் ஷெட்யூலில் எழுத வேண்டும். வரி கட்டாத வருமானத்துக்கு இந்த ₹20 லட்சம் குடை பிடிக்காது. துபாயில் சின்னதாக ஒரு ஃப்ளாட் என்றால் வரம்பே கிடையாது.

யாருக்குத் தெரியப்போகிறது என்பதும் பழைய காலத்துப் பேச்சு. அமெரிக்காவோடு 2015-ல், கணக்கு விவரங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஃபட்கா ஒப்பந்தம் ஆனது. சிங்கப்பூர் உட்பட பல நாடுகள் வங்கிக் கணக்கு விவரத்தை வருஷாவருஷம் தாமாகவே அனுப்புகின்றன. 2024 நவம்பரில் முதல் சுற்று குறுஞ்செய்திகள் போனபிறகு 24,678 பேர் ரிட்டர்னைத் திருத்தினார்கள். வெளியே வந்த சொத்து ₹29,208 கோடி. எனக்கு வந்தது அடுத்த ஆண்டுச் சுற்று.

இப்போது தங்கம். அக்காவின் திட்டம் எளிமையானது. சிங்கப்பூர் போய் டெபாசிட்டை முடித்து, நகையாக வாங்கிக்கொண்டு திருச்சி விமான நிலையத்தில் இறங்கிவிடுவது. "புது ரூல்ல 40 கிராம் சும்மா விடுறாங்களாமே!" என்றாள். விடுகிறார்கள். 2026 பிப்ரவரி 2 முதல் வந்த பயணச் சாமான் (பேக்கேஜ்) விதிகளில் பெண்களுக்கு 40 கிராம், மற்றவர்களுக்கு 20 கிராம் நகை வரியில்லாமல் வரலாம். முன்பு கூடவே ஒட்டிக்கொண்டிருந்த ரூபாய் வரம்பு போய்விட்டது. தங்கம் விற்கிற விலையில் அந்தப் பழைய ₹50,000-மும் ₹1 லட்சமும் ஒரு கேலிக்கூத்தாக இருந்தன. பொதுச் சாமான்களுக்கான வரம்பும் ₹50,000-லிருந்து ₹75,000 ஆனது. ஆனால் அந்த நகைச் சலுகை ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் குடியிருந்து திரும்புபவர்களுக்கு. ஒரு வாரம் போய்வரும் அத்தானுக்கும் அக்காவுக்கும் ஒரு கிராம்கூட இல்லை. அதற்கும் மேல், ஷெட்யூல் எஃப்.ஏ. கேட்பது அந்தக் காலண்டர் ஆண்டில் எப்போதாவது கையில் இருந்த சொத்தை. டிசம்பரில் கணக்கை மூடினாலும் ஜனவரியில் இருந்தது இருந்ததுதான். போன வருஷங்களின் தப்பைத் தங்கம் கழுவாது.

பணத்தை இங்கே கொண்டுவர ஆசை என்றால் வங்கி வழியாக அனுப்பச் சொன்னாலே போதும். சொந்தப் பணத்தைக் கொண்டுவருவதற்கு வரி கிடையாது. கொண்டுவராமல் அங்கேயே வைத்திருக்கவும் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது, வெளிநாட்டில் குடியிருந்தபோது சம்பாதித்தது என்பதால். அத்தான் அங்கேயே வைக்கிறேன் என்றார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலையில் போடவேண்டிய 2025-26 ரிட்டர்னை ஐ.டி.ஆர்.-2-ல் ஒழுங்காகப் போடுவது, பழைய இரண்டு வருஷத்துக்கு ₹1 லட்சக் கதவு, வட்டிக்கு 60% என்று முடிவானது. சிங்கப்பூர் வங்கியின் 2025 ஜனவரி–டிசம்பர் ஸ்டேட்மென்ட் வந்துவிட்டது. சம்பளச் சீட்டுகள் பரணில் ஒரு டிரங்குப் பெட்டியில் இருப்பதாக அத்தான் சொல்கிறார். 2014 வரைக்கும் கிடைத்திருக்கிறது, அதற்கு முந்தியதைத் தேடிக்கொண்டிருக்கிறார்.