முறிந்த பாதத்தோடு வீட்டில் வலுப்பயிற்சி: வன்னியில் இரண்டு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

இரணைமடுக் குளத்து நீரில் வயல் செய்யும் கிராமமொன்றில், ஒரு வாங்கு, திருகு பூட்டுள்ள ஒரு சோடி டம்பெல், இறப்பர் இழுவைப் பட்டிகள், கணுக்காலில் கட்டும் மணற்பைகள் ஆகியவற்றைக் கொண்டு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக வலுப்பயிற்சி செய்து வருகிறேன். உழவு இயந்திரத்திலிருந்து இறங்கும்போது பாதம் உட்புறமாக மடங்கி, சுண்டுவிரலுக்குப் பின்னால் பாதத்தின் வெளியோரமாக ஓடும் நீண்ட என்பின் அடிப்பகுதி முறிந்ததே இதற்குத் தொடக்கம். அந்த என்பின் அடிப்பகுதியும் தண்டும் சந்திக்கும் இடத்தில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் முறிவு பொருந்தக் காலம் எடுக்கும் என்றும், அனுமதி தரும்வரை அந்தக் காலில் பாரம் ஊன்றவே கூடாது என்றும் மருத்துவர் உறுதியாகச் சொல்லியிருந்தார். ஆகவே கீழே எழுதுவது, ஒரு பாதத்தை நிலத்தில் வைக்க முடியாத ஒருவருக்கு எந்தப் பொருள் எவ்வளவு உதவியது, எது எங்கள் வெயிலையும் மாரியையும் தாங்கி நின்றது என்பதைப் பற்றியது.

முதலில் வாங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதற்கென்று செலவழித்த காசில் மிகுந்த பயன் தந்தது அதுதான். கடையில் விற்கும் மடிக்கக்கூடிய பயிற்சி வாங்குகள் இரு கால்களையும் நிலத்தில் ஊன்றிப் படுப்பவரை எண்ணியே செய்யப்படுகின்றன. ஒரு காலை மட்டும் ஊன்றிப் படுத்தால் உடல் ஒருபக்கம் சரிய, ஒடுங்கிய வாங்கும் கூடவே ஆடும். நான் ஊர்த் தச்சரிடம் 120 சென்ரிமீற்றர் நீளமும், 35 சென்ரிமீற்றர் அகலமும், 45 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டதாக, கால்கள் வெளிப்புறம் விரிந்து நிற்கும்படி மரத்தில் ஒன்றைச் செய்வித்தேன். அந்த உயரம் சாதாரணக் கதிரையின் உயரமே என்பதால், ஊன்றுகோலை வைத்துவிட்டு அமரவும், நல்ல காலால் எழவும் எளிதாக இருந்தது. நிலத்தில் பாய் விரித்துச் செய்யலாமே என்று பலர் கேட்டார்கள். செய்யலாம்தான், ஆனால் ஒற்றைக் காலால் நிலத்திலிருந்து எழுவதே அந்த நாட்களில் பயிற்சியைவிட ஆபத்தான வேலையாக இருந்தது. வழுவழுப்பாகச் சீமெந்து பூசிய விறாந்தையில் ஊன்றுகோல் வழுக்கும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன். கிரவல் வீதியில் நடப்பவர்களின் ஊன்றுகோலில் இறப்பர் முனை விரைவில் தேய்ந்துவிடுகிறது. அதைக் கிழமைதோறும் புரட்டிப் பார்த்து, தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும்.

டம்பெல் என்பது இரும்புத் தட்டுகளைக் கோலில் மாட்டித் திருகுப் பூட்டால் இறுக்கும் வகை. பிளாஸ்ரிக் உறைக்குள் சீமெந்து நிரப்பியவை மலிவு என்றாலும், அவற்றின் தட்டுகள் தடித்தவை. மடியில் வைத்து அமரும்போது அவை தொடையை அழுத்தும், ஒருமுறை விழுந்தால் உறை வெடிக்கும். வார்ப்பிரும்புத் தட்டுகளுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. மாரி தொடங்கி ஈரம் ஏறும் மாதங்களில் திருகுப் புரியில் துரு பிடிக்கும். தையல் இயந்திர எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். என் சோடியில் இன்றும் பூட்டு இலகுவாகச் சுழல்கிறது.

இந்த வகையில் எனக்குக் குறையாகத் தோன்றியது தட்டுகளின் பார இடைவெளி. கடையில் கிடைக்கும் மிகச் சிறிய தட்டு 1.25 கிலோ, கோலின் இரு முனையிலும் ஒவ்வொன்று சேர்த்தால் ஒரே தாவலில் 2.5 கிலோ கூடிவிடும். அமர்ந்தபடி தலைக்கு மேல் தூக்குபவருக்கு 7.5 கிலோவிலிருந்து 10 கிலோவுக்குத் தாவுவது மூன்றில் ஒரு பங்கு ஏற்றம். கால் ஊன்றல் இல்லாமல் தோளையும் இடுப்பையும் மட்டும் நம்பித் தூக்கும்போது அந்தத் தாவலை உடல் ஏற்காது. இரும்பு ஒட்டும் (வெல்டிங்) கடையில் 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புத் தகட்டை 9.4 சென்ரிமீற்றர் விட்டத்தில் வட்டமாக வெட்டி, நடுவில் துளையிட்டு வாங்கினேன். ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரைக் கிலோ வந்தது. பயிற்சியில் தேக்கமில்லாமல் முன்னேற முடிந்ததற்கு இந்தச் சிறு வட்டங்களே முதற் காரணம் என்று நம்புகிறேன்.

சிறுகச் சிறுகப் பாரம் ஏற்றும் இந்த முறைக்கு வரலாறு உண்டு, அது எங்கள் மண்ணுக்கு அந்நியமானதும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த படையினருக்குச் சிகிச்சையளித்த அமெரிக்க மருத்துவர் தோமஸ் டிலோர்ம், பலமிழந்த தசைக்குப் படிப்படியாகக் கூடும் பாரம் கொடுத்துப் பயிற்றும் முறையை 1945 இல் வெளியிட்டார். பின்னர் 1948 இல் வொற்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து அதை எளிமைப்படுத்தினார். பத்து முறை மட்டுமே தூக்கக்கூடிய பாரத்தைக் கண்டறிந்து, அதன் அரைவாசியில் ஒரு சுற்று, முக்கால்வாசியில் ஒரு சுற்று, முழுப் பாரத்தில் ஒரு சுற்று என்று செய்வதே அந்த முறை. உள்நாட்டுப் போரில் காலை இழந்தவர்களும், பாதத்தில் காயம் சுமப்பவர்களும் வாழும் வன்னியில், தூக்க முடிந்ததிலிருந்து தொடங்கும் இந்த முறை வீடுதோறும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம்.

இழுவைப் பட்டிகளைப் பற்றி எனக்கு இரண்டு மனம். ஒற்றைக் கையால் டம்பெல்லை இழுக்கும்போது, காயப்பட்ட காலின் முழங்காலை வாங்கில் மடித்து வைத்து, பாதத்தை வாங்குக்கு வெளியே தொங்கவிட்டு, நல்ல காலை நிலத்தில் ஊன்றினால் நல்ல பக்கக் கைக்கு அருமையாகப் பயிற்சி கிடைக்கும். மறு கைக்கு அதே நிலை எடுக்க வேண்டுமானால் காயப்பட்ட பாதத்தை நிலத்தில் ஊன்ற வேண்டியிருக்கும். அங்கேதான் பட்டி கைகொடுத்தது: யன்னல் கம்பியில் சுற்றி, வாங்கில் அமர்ந்து இரு கைகளாலும் இழுத்தேன். இயன்மருத்துவர் தந்தவை தெராபாண்ட் என்ற பெயரில் விற்கப்படும் பட்டிகள். மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்ற வரிசையில் இழுவை கூடும். தன் நீளத்தின் இரட்டிப்புக்கு இழுக்கும்போது மஞ்சள் ஏறத்தாழ 1.3 கிலோவும் கறுப்பு 3.3 கிலோவும் எதிர்க்கும் என்பதால், முதுகுக்குப் பட்டியை இரண்டாக மடிக்க வேண்டியிருந்தது. இரும்பின் பாரம் தொடக்கத்திலும் முடிவிலும் ஒன்றே. பட்டியோ இழுக்க இழுக்கக் கடுமையாகும். ஆறிவரும் மூட்டுக்கு இந்த மென்மையான தொடக்கம் இதமானது.

ஆனால் எங்கள் காலநிலை இறப்பருக்கு எதிரி. தகரக் கூரையின் கீழ் சித்திரையிலும் வைகாசியிலும் தொங்கிய பட்டிகள் பிசுபிசுத்து, ஓரங்களில் நுண்ணிய வெடிப்பு விட்டன. இரும்பைக் காக்கும் எண்ணெய் இறப்பரை ஊதச் செய்து கெடுக்கும் என்பதால் இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. பவுடர் தூவி, மூடிய தகர டப்பாவில், வீட்டின் குளிர்ந்த அறையில் வைத்த பட்டிகள் கூடுதல் காலம் உழைத்தன. முகத்துக்கு நேரே இழுக்கும் எந்தப் பயிற்சிக்கும் வெடிப்புள்ள பட்டியைத் தொடவே வேண்டாம்.

மணற்பைகளை நான் பரிந்துரைக்கவில்லை. ஒட்டுப்பட்டியில் செம்புழுதி ஏறிப் பிடிப்பு விட்டுவிடுகிறது, தையலும் பிரிகிறது. பிளாஸ்ரர் கட்டோ காப்புச் சப்பாத்தோ காலில் இருக்கும் காலத்தில் அதன் பாரமே போதுமானது: மல்லாந்து படுத்து முழங்காலை நீட்டியபடி காலை உயர்த்துதல், பக்கவாட்டில் படுத்து உயர்த்துதல் ஆகிய இரண்டும் தொடையையும் இடுப்பையும் ஓரளவு காத்தன. நல்ல காலை ஓய்வில் விட்டுவிடவும் கூடாது. ஒரு பக்கத்தைப் பயிற்றினால் பயிற்றாத மறுபக்கமும் ஓரளவு வலுப்பெறும் என்பது யேல் பல்கலைக்கழகத்தில் 1894 இலேயே பதிவான செய்தி. சுவரோரம் வாங்கைப் போட்டு, ஒற்றைக் காலால் அமர்ந்து எழுவதை நான் விடாமல் செய்ததற்கு அதுவே காரணம்.

உணவில் பெரிய மாற்றம் தேவைப்படவில்லை. அவித்த பயறும் கௌபியும் முட்டையும் குளத்து மீனும் வீட்டில் ஏற்கெனவே இருந்தவைதான். வெயில் ஏறுமுன் பயிற்சியை முடிப்பதும், முடித்தபின் காலைத் தலையணையில் உயர்த்தி வைப்பதும் வீக்கத்தைக் குறைத்தன. மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது, உயர் இரத்த அழுத்த நோய் உள்ளவர்கள் குறிப்பாக. கெண்டைக்கால் சூடாகி, வீங்கி, வலித்தால் அது தசைப்பிடிப்பு என்று எண்ணிக் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், ஏனெனில் அசையாதிருக்கும் காலில் இரத்தம் உறையக்கூடும். நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வலியை வழிகாட்டியாக நம்ப முடியாது. அவர்கள் மருத்துவரின் அனுமதியோடு மட்டுமே இதைத் தொடங்கலாம்.

பாரம் ஊன்ற அனுமதி கிடைத்த பிறகு மிக மெதுவாக வந்தது கெண்டைக்கால்தான். அமர்ந்தபடி முழங்காலில் டம்பெல்லை வைத்துக் குதியை உயர்த்துவதில் தொடங்கி, நின்றபடி இரு கால்களாலும் உயர்த்தி, கடைசியில் ஒற்றைக் காலுக்கு வந்தேன். மறுநாள் காலையில் முறிந்த இடத்தில் வலி கூடியிருந்தால் முந்திய படிக்குத் திரும்புவது என்ற ஒரே விதியை வைத்திருந்தேன். இன்றும் அளவுநாடாவால் பார்த்தால் அந்தக் கெண்டை மற்றதைவிடச் சற்று மெலிவாகவே இருக்கிறது. ஆனால் நெல் மூட்டையோடு வரம்பில் நடக்கும்போது அந்தப் பாதம் தளர்வதில்லை.