கார்னிவலா, ராயல் கரீபியனா? சாப்பாட்டுக்கு எந்தக் கப்பல்?

இரண்டுமே சுற்றுலாக் கப்பல் விடும் கம்பெனிகள். டிக்கெட் காசிலேயே வயிறு நிறைய வேண்டும் என்றால் என் ஓட்டு கார்னிவலுக்குத்தான். அதன் பல கப்பல்களில் நீச்சல்குளத்துப் பக்கம் அமெரிக்க டிவி சமையல்காரர் கை ஃபியெரி பெயரில் ஒரு பர்கர் கடை இருக்கும், ப்ளூ இகுவானா என்ற மெக்சிகன் சாப்பாட்டுக் கடையில் டாக்கோ கிடைக்கும், இரண்டுக்கும் தனிக்காசு கிடையாது. ராயல் கரீபியனிலோ ஜானி ராக்கெட்ஸ் பர்கருக்குப் பெரும்பாலும் தனியாகக் கொடுக்க வேண்டும். அப்புறம் கார்னிவலில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் சூடான சாக்லேட் கேக், கரண்டி வைத்தாலே உள்ளேயிருந்து குழைந்து வழியும், அதற்காகவே இன்னொரு முறை கப்பல் ஏறலாம்!

சரி, ராயல் கரீபியன் அவ்வளவு மோசமா? இல்லை. விண்ட்ஜாமர் பஃபேயில் நம்மூர் வாசனையோடு ஏதாவதொரு குழம்பு கண்ணில் படும். ஓயாசிஸ் வகைப் பெரிய கப்பல்களில் பார்க் கஃபேயின் ரோஸ்ட் பீஃப் சாண்ட்விச் ஓசிதான். ஸ்டேக் கடைக்கு மட்டும் இரண்டிலுமே பர்ஸைத் திறக்க வேண்டும்.