வெளியிலிருந்து வரும் கணினி ஆலோசகர்: ஒரு சேவை மதிப்பீடு

தனியாகக் கணினித் துறை வைத்துக்கொள்ள முடியாத நிறுவனங்கள் வெளி ஆலோசகர் ஒருவரை அமர்த்திக்கொள்வது இன்று வழக்கமாகிவிட்டது. எங்கள் அலுவலகத்தில் மின்னஞ்சல், கணக்கு மென்பொருள், சர்வர் ஆகியவற்றின் பராமரிப்பை முதலில் ஓர் ஆலோசனை நிறுவனமும், அதன் ஒப்பந்தம் முடிந்த பிறகு தனியாகத் தொழில் செய்யும் ஒருவரும் ஏற்றுக்கொண்டார்கள். இரு சேவைகளையும் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பெயர்கள் இங்கே தேவையில்லை.

முதல் நிறுவனத்தின் தொழில்திறமையில் குறை சொல்ல முடியாது. அழைத்தால் வந்தார்கள், பழுதைச் சரிசெய்தார்கள். அவர்களுடைய சேவையின் உண்மையான தரம் அவர்கள் விலகியபோதுதான் தெரிந்தது. எங்கள் இணைய முகவரியான டொமைன் பெயர் எங்கள் பெயரில் பதிவாகாமல் அவர்களுடைய கணக்கில் இருந்தது. புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டல்களும் அவர்களுடைய ஊழியர் ஒருவரின் மின்னஞ்சலுக்கே போய்க்கொண்டிருந்தன. டொமைன் யாருடைய கணக்கில் இருக்கிறதோ, அவர் நினைத்தால் இணையதளத்தையும் மின்னஞ்சலையும் வேறு திசைக்குத் திருப்பிவிடலாம் என்பதால் இது சிறிய விஷயம் அல்ல. அதை எங்கள் பெயருக்கு மாற்றித் தருவதற்கு அவர்கள் தனியாகக் கட்டணம் கேட்டார்கள்.

பெரிய அமைப்புகளும் இதில் மாட்டிக்கொண்டதுண்டு. 2008-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகத்தின் வலையமைப்புக் கடவுச்சொற்களை அதன் பொறியாளர் ஒருவர் கொடுக்க மறுத்தார். அவர் சிறையில் இருந்த நிலையில் நகர மேயரே நேரில் சென்று அவற்றைப் பெற வேண்டியதாயிற்று. அந்தப் பொறியாளர் வெளி ஆலோசகர்கூட அல்ல, சம்பளம் வாங்கும் ஊழியர். ஆகவே டொமைன், கிளவுட் கணக்கு, மென்பொருள் உரிமம், நிர்வாகக் கடவுச்சொல் ஆகிய அனைத்தும் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பதையும், விலகும் நாளில் எவையெவை கைமாற வேண்டும் என்பதையும் வேலை தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது நல்லது. உங்களுக்காக எழுதப்படும் நிரலின் பதிப்புரிமையும் அப்படித்தான்: பணம் கொடுத்த காரணத்தால் மட்டும் அது உங்களுடையதாகிவிடும் என்று பல நாடுகளின் சட்டம் சொல்வதில்லை.

இரண்டாவதாக வந்தவர் முதல் வாரத்தில் புதிதாக எதையும் நிறுவவில்லை. காப்பு நகல்களைக் கேட்டார். ஒவ்வோர் இரவும் 'வெற்றி' என்று பதிவாகியிருந்த பட்டியலைக் காட்டினோம். அவர் அதைப் பார்த்துத் திருப்தியடையாமல், உபரியாக இருந்த ஒரு கணினியில் முந்தைய நாளின் நகலிலிருந்து கணக்குத் தரவை மீட்டெடுக்க முயன்றார். கடிதங்களும் படங்களும் வந்தன. கணக்குக் கோப்பு மட்டும் வரவில்லை. மென்பொருள் இரவிலும் திறந்தே இருந்ததால், பூட்டப்பட்ட அந்தக் கோப்பை நகலெடுக்கும் நிரல் சத்தமில்லாமல் தாண்டிச் சென்றிருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையச் சேவையான கிட்லேப் நிறுவனத்தில் முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டபோதும் இதே கதைதான்: காப்புக்கென்று பல வழிகள் வைத்திருந்தும் நம்பத்தக்கதாக எதுவும் இயங்கவில்லை, ஏறத்தாழ 6 மணி நேரத் தரவு திரும்பக் கிடைக்கவே இல்லை. ஓர் ஆலோசகரை நேர்காணும்போது அவருடைய சான்றிதழ்களைப் பார்ப்பதைவிட, கடைசியாக எப்போது ஒரு காப்பு நகலை மீட்டெடுத்துப் பார்த்தார் என்று கேட்பது அதிகப் பயன் தரும் என்பது என் கருத்து.

கட்டணத்தைப் பொறுத்தவரை, எல்லை தெளிவான பணிக்கு மொத்தத் தொகையும், என்னவென்றே தெரியாத பழுதுக்கு மணிக்கணக்கும் பொருந்தும். மாதச் சந்தா ஒப்பந்தங்களில் மட்டும் ஒரு வரியை நிறுத்திப் படிக்க வேண்டும்: 'நான்கு மணி நேரத்துக்குள்' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் உங்கள் அழைப்புக்குப் பதில் சொல்வதற்கான நேரமே ஒழிய, பழுதைச் சரிசெய்வதற்கான நேரம் அன்று.

ஆலோசனை சொல்பவரே பொருளையும் விற்பவராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிவதைக் காரணம் காட்டி, எல்லாக் கணினிகளையும் மாற்றச் சொல்லி முதல் நிறுவனம் விலைப்பட்டியல் கொடுத்திருந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி அவற்றில் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். புதியவர் ஒவ்வொரு கணினியாக பயாஸ் அமைப்பை (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை நிரலின் அமைப்புப் பக்கத்தை) திறந்து பார்த்ததில், பலவற்றில் அந்த வசதி இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. பிராசசர் பழையதாகிவிட்ட சிலவற்றை மட்டும் மாற்றினோம். விற்பனையில் கமிஷன் பெறுவது குற்றமல்ல. அதை வாடிக்கையாளரிடம் சொல்லாமல் இருப்பதுதான் தவறு.

புதியவரிடமும் குறைகள் உண்டு. செய்த மாற்றங்களை எழுதி வைப்பதில் தாமதிக்கிறார். கேட்டால் ஒழிய அறிக்கை வருவதில்லை. தனி ஆளாக இருப்பதால் அவர் உடல்நலம் குன்றினால் வேலை அப்படியே நின்றுவிடுகிறது. மாற்று ஆள் ஒருவரை ஒப்பந்தத்தில் குறிப்பிடுமாறு கேட்டிருக்கிறோம். சம்மதித்திருக்கிறார், பெயரை இன்னும் தரவில்லை. அது வந்த பிறகே அடுத்த ஆண்டுக்கான கையெழுத்து என்று சொல்லிவிட்டோம்.