அச்சா, வானொலியா: எது சமூகத்தை அதிகம் மாற்றியது?

1450 வாக்கில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் அச்சடிக்கத் தொடங்கினார். (தனித்தனி எழுத்துகளை அடுக்கி அச்சடிக்கும் அசையும் எழுத்து முறை சீனாவிலும் கொரியாவிலும் அதற்கு முன்பே உண்டு, அது தனிக்கதை.) 1517இல் கிறித்தவ மதச் சீர்திருத்தவாதி லூதர் எழுதிய 95 கருத்துரைகள் வேகமாகப் பரவியதற்கு அச்சுதான் காரணம் என்பார்கள். சரி, ஆனால் எனக்கு வேகத்தைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. கையால் படியெடுக்கும்போது ஒவ்வொரு பிரதியிலும் புதுப் பிழை புகும். அச்சிலோ தூரத்து ஊர்களில் இருக்கும் இருவர் ஒரே பக்கத்தை, ஒரே அட்டவணையைப் பார்த்து வாதிடலாம். பிழை தெரிந்தால் அடுத்த பதிப்பில் திருத்தலாம். 1543இல் கோப்பர்நிக்கஸின் நூல் அச்சாகி வந்தபின் வானியலாளர்கள் அதன் ஓரங்களில் குறிப்பெழுதிச் சரிபார்த்தது இப்படித்தான்.

ஆனால் அச்சுக்கு எழுத்தறிவு வேண்டும். வானொலிக்குக் காது போதும். 1954இல் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்த பிறகு மின்சாரம் எட்டாத வீட்டுக்கும் செய்தி போனது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களை இவ்வளவு விரைவாக அச்சு ஒருநாளும் எட்டியதில்லை.

அப்புறம் இதன் மறுபக்கம். ஒரே குரல், எல்லோருக்கும், அதே நொடியில். நிறுத்தி யோசிக்கவோ முந்தைய வரியைத் திரும்பப் பார்க்கவோ வழியில்லை. 1933இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் வங்கி நெருக்கடியை மக்களுக்கு விளக்கி அமைதிப்படுத்தியதும் வானொலியில்தான். அதே ஆண்டு ஜெர்மனியில் நாஜிகள் மலிவு விலை வானொலிப் பெட்டிகளைப் பரப்பியதும் தங்கள் ஒரே குரலை எல்லோர் காதிலும் போடத்தான். அச்சிலும் வெறுப்பு ஏராளமாக வந்தது, மறுக்கவில்லை.

ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால், அறிவு வளர்ந்ததற்கு அச்சு. கூட்டத்தைத் திரட்டியதற்கு வானொலி. என் ஓட்டு அச்சுக்கே.